இளநீலத்தில் நாலு செட்

என் மாமனார் விழுந்தது அப்படியொன்றும் பெரிதாக இல்லை. வாசற்படியில் இறங்கும்போது பேண்ட்டின் கால் குதிகாலுக்கு அடியில் மாட்டிக்கொள்ள, கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் எனக்கு உயிரே போய்விட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களின் துணியைக் கத்தரியால் வெட்டித்தான் எடுப்பார்கள். அந்த வெட்டிய துணியெல்லாம் மூட்டையாக எங்களிடம் வரும். பாதிக்குப் பாதி, தரையைப் பெருக்குகிற நீளத்தில் இருக்கும்.

அன்றைக்கே அவருடைய பீரோவைத் திறந்தேன். பேருந்தில் டிக்கெட் செக்கராக இருந்தவர். எழுபத்தெட்டு வயதிலும் மடிப்புக் கலையாத பேண்ட், பெல்ட், கழுத்துவரை பொத்தான். உடம்போ பாதியாகிவிட்டது, பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பேண்ட் இறங்குகிறது. விரல் நடுக்கத்தில் ஒரு பொத்தானுக்கு ஐந்து நிமிடம். அவசரமாகக் குளியலறைக்குப் போகும்போது கேட்கவே வேண்டாம்.

"இதெல்லாம் பரணுக்குப் போகுது மாமா. இனிமே நான் வாங்கித் தர்றதைத்தான் போடறீங்க."

"சரிம்மா," என்றார்.

எதற்குமே மறுத்துப் பேசமாட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான். நானோ வாயைத் திறந்தால் மூடாதவள்.

எங்கள் மருத்துவமனைக்குத் துணி சப்ளை செய்கிற கடையிலேயே வாங்கினேன். இளநீலத்தில் நாலு செட். எலாஸ்டிக் இடுப்பு, கணுக்காலோடு நிற்கிற கால், சட்டைக்குப் பொத்தானுக்குப் பதில் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற வெல்க்ரோ, உறுத்தாத பருத்தி. எந்தக் கறையும் ஒரே அலசலில் போய்விடும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை வேறு. எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் நடந்தும் காட்டினார். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பவில்லை. அங்கே அவரோடு வேலை பார்த்தவர்கள் நாலு பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பார்கள். அதற்காக மழையிலும் குடை பிடித்துக்கொண்டு போகிற மனிதர். கால் வலி என்றார். மறுநாள் வெயில் என்றார். மூன்று வாரத்தில், சாப்பாட்டுக்கு மட்டும் அறையைவிட்டு வருவது என்று ஆகிவிட்டது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காலை அழுத்திப் பார்த்தார்.

"சதை குறையுது. இப்படியே உக்காந்திருந்தா படுத்த படுக்கைதான்."

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன்.

"யார்கிட்ட மாமா அடம் பிடிக்கிறீங்க? விழக்கூடாதுன்னு பாத்துப் பாத்து வாங்கினா, நடக்கவே மாட்டேங்கறீங்க! உங்க பிள்ளை வெளியூர் வேலையிலேருந்து ஞாயித்துக்கிழமை வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டை நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"துணி நல்லாத்தாம்மா இருக்கு. உன்மேல ஒரு குறையும் இல்ல. உங்க அத்தை ஆஸ்பத்திரியில கடைசியா இருந்த பதினோரு நாளும் இதைத்தான் போட்டிருந்தா. கண்ணாடியில பாக்கறப்ப, நானும் கிளம்பிட்டேன்னு தோணுது."

அந்தப் பதினோரு நாளும் அத்தையின் துணியை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வெளுத்து, தேய்த்து, வார்டுக்கு எடுத்துப் போனவள் நான்தான். இதே நீலம். தினமும் மலைமலையாகப் பார்த்துப் பார்த்து, அது என் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. பாவி, அதையே போய் நாலு செட் வாங்கி வந்திருக்கிறேன்.

"முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

"நீ ஆசையா வாங்கிட்டு வந்தே."

அழுதுவிட்டேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் பரணிலிருந்து பழைய துணிகளை இறக்கினேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, "உங்களுக்கு எது வேணும்?" என்று அவரைக் கேட்டேன்.

சாம்பல் நிறப் பேண்ட்டைத் தொட்டார். "பெல்ட் இருக்கணும். மடிப்பு இருக்கணும். பொத்தான் வெளியில தெரியணும்."

"இடுப்புல நிக்கணும், கால்ல மாட்டக்கூடாது, சட்டுனு கழட்ட வரணும். இது என் பங்கு."

"சரி."

"சரின்னு சும்மா சொல்லாதீங்க. நிஜமாவே சரியா?"

சிரித்தார்.

சலவைக்கூடத்தில் கிழிசல் தைக்கும் அக்கா இரண்டு நாள் மதிய இடைவேளையில் முடித்துக் கொடுத்தாள். பேண்ட்டின் காலை ஷூவுக்கு மேலே நிற்கிற மாதிரி குறைத்தாள். பின்னிடுப்பில் மட்டும் எலாஸ்டிக். பொத்தான் வெளியே அழகுக்கு. உள்ளே பிடிப்பது வெல்க்ரோ. பெல்ட்டை வெட்டி, பக்கிள் இருக்கும் துண்டைப் பேண்ட்டின் முன்பக்கத்தோடேயே சேர்த்துத் தைத்துவிட்டாள்; இழுத்தால் எல்லாம் ஒன்றாகத் திறந்துகொள்ளும். மாமா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெல்க்ரோவைச் சர்ரென்று திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"போதும் மாமா, முதல் நாளே பிச்சுடாதீங்க!" என்று வெளியிலிருந்து கத்தினேன்.

மறுநாள் ஐந்து மணிக்குத் தலைவாரிக்கொண்டு கிளம்பினார். நானும் வருகிறேன் என்றதற்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இருபதடி விட்டுப் பின்னாலேயே போனேன். அவர் நின்றால் நானும் நின்றேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"கடைக்குப் போறேன் மாமா."

"நான் விழுந்துடுவேன்னு பயமா?"

பொய் வரவில்லை. "ஆமா மாமா."

"எனக்கும்தாம்மா." கையை நீட்டினார். "பக்கத்துல வந்து நட."