குடத்தில் இறங்கிய வெயில்

செவிலிமேட்டில் நெசவு செய்யும் கமலாட்சியின் தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று குடம் வெயில் வேண்டியிருந்தது. கத்தரிக்கு ஒன்று, தக்காளிக்கு ஒன்று, மூன்றாவது முழுக்கக் குண்டுமல்லிக்கு. புதினா அரை நிழலிலேயே சமாளித்துக்கொள்ளும், அது சாதுவான ஜென்மம். குடங்களை அடுத்த வீட்டுக் காவேரி தன் மொட்டை மாடியில் நிரப்பி, கயிறு கட்டி இறக்குவாள்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணமே காவேரி வீட்டு மாடிகள்தான். மகள் சந்தியாவுக்காக இரண்டு மாடி எழுப்பினாள். அதன் நிழல் சுவரின் இந்தப் பக்கம் வந்து படுத்துக்கொண்டது. கத்தரி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து காய்க்க மறந்தது. மல்லி மொட்டே வைக்கவில்லை. இருபது வருடமாக மாலைதோறும் காவேரிக்கென்று சுவருக்கு மேல் நீண்ட ஒரு முழம் பூ நின்றுபோனது. அக்காவுக்குக் கோபம் என்று காவேரி நினைத்தாள். வெறுங்கையோடு எப்படி முகம் காட்டுவது என்று கமலாட்சி தறியை விட்டு எழவில்லை. இரண்டு பேருமே அசடுகள், நான்கு மாதம் பேசாமல் கிடந்தார்கள். பிறகு ஒரு நாள், மாடியில் மறந்துவிட்ட அண்டாவை எடுக்கப் போன காவேரி அதில் விளிம்பு வரை வெயில் நிற்பதைப் பார்த்தாள். யோசிக்காமல் சுவருக்கு மேல் சாய்த்து ஊற்றினாள்.

"அக்கா, சீக்கிரம் செடிய நகத்துக்கா, சூடு ஆறிடப் போவுது!"

அதோடு கோபமெல்லாம் போயிற்று. கத்திரி வெயிலில் தக்காளி வெடிக்காமலிருக்க நிழல் கலந்து ஊற்றினார்கள். ஆடிக் காற்றில் பாதி தெருவில் சிந்த, நடுரோட்டில் தும்பை முளைத்தது. மழைக்காலத்துக்கென்று சித்திரை வெயிலை ஊறுகாய் ஜாடிகளில் சேர்த்தார்கள். ஊரில் எங்கும் மல்லி இல்லாத கார்த்திகையிலும் அவர்கள் கொண்டை காலியாக இருந்ததில்லை.

மூன்றாம் வருடக் கார்த்திகையில் சந்தியாவுக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் நாள் குழந்தையின் உடம்பு மஞ்சள் பூத்தது. "கம்மிதாம்மா. பால் நல்லா குடுங்க, காலை வெயில் காட்டுங்க" என்றார் டாக்டர். அன்றே புயல் வந்து உட்கார்ந்தது. ஆறு நாள் சூரியன் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். குழந்தையின் கண்ணும் மஞ்சளாகி, பாலுக்குக்கூட விழிக்காமல் கிடந்தது. காவேரி ஜாடிகளைத் திறந்தாள். எல்லாம் காலி. கடைசி ஜாடியைப் போன வாரம்தான் மல்லிக்கு ஊற்றியிருந்தாள்.

கமலாட்சி மழையில் நின்று, அரிசியளவுப் பிஞ்சுகூட விடாமல் மொட்டு முழுவதையும் பறித்தாள். பறித்த இடமெல்லாம் இலை பழுத்தது. இனி அந்தச் செடி பிழைக்காதென்று அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டேதான் பறித்தாள். நெருக்கக் கட்டித் தூளியைச் சுற்றிப் போட்டாள்.

"ஐயோ, செடி போச்சேக்கா!"

"போனா போவுது. நீ பாப்பாவ பாத்துக்கினு இரு."

மொட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சித்திரைக் காலை இறங்கியது. வெளியே மழை கொட்ட, உள்ளே எல்லோரும் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் குழந்தை பசியில் வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டு இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். மஞ்சள் இறங்கிவிட்டது. மல்லிச்செடி பட்டுப்போனது.

அந்தக் குழந்தை அகிலாவுக்கு இப்போது நான்கு வயது. அவள் நடக்கும் பக்கம் தெருச் செடிகள் தலை திருப்புகின்றன. வானம் மூடிக்கொண்டால் அக்கம்பக்கத்தார் வந்து, "தக்காளி பழுக்க மாட்டேங்குது, பாப்பாவ அரை மணி நேரம் அனுப்புமா" என்று கேட்பார்கள். சந்தியா தலை வாரி அனுப்பிவைப்பாள். கமலாட்சி வீட்டுக்கு மட்டும் யாரும் அனுப்ப வேண்டியதில்லை. காலையில் கண் விழித்ததும் அகிலா தானே போய்விடுவாள்.