கறை படிந்த துண்டும் ஏழு நாள் லீவும்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள் பளிச்சண்ணன் ஒன்பது ரிசார்ட்டுகளை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பெரிய மகள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடல், தென்னை, நீச்சல் குளம், குளத்துக்குள்ளேயே ஸ்டூல் போட்ட ஜூஸ் கடை. எதையும் அவர் பார்க்கவில்லை.

"பெட்ரூமைக் காட்டு."

"பாத்தாச்சுப்பா. நல்லாத்தான் இருக்கு."

"இது அவன் எடுத்த படம். தங்கிட்டுப் போனவங்க எடுத்ததைக் காட்டு."

நகரத்தின் நடுவில் இருக்கிற ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருடங்களாக அதே இடம். ஒரு ஷீட் கொஞ்சம் மங்கலாக வந்தாலும் "பளிச்சுன்னு இல்லையே" என்று திரும்ப மெஷினுக்கு அனுப்பிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். இப்போது மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். பெயர்ப் பட்டியலில் மட்டும்தான் வேறு பெயர்.

அவர் கண்ணுக்கு ஒரு கட்டில் என்பது வாக்குமூலம். கால்மாட்டில் குறுக்கே வண்ணத் துணி போட்டிருந்தால், அதற்குக் கீழே போகாத கறை இருக்கிறது. துண்டை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தால், ஓரம் பிரிந்திருக்கிறது. துண்டே கருநீலமாக இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

"அஞ்சாவது இடத்துல என்னப்பா குறை? எல்லாம் வெள்ளைதானே?"

"அது வெள்ளையா? அது சோர்ந்து போன வெள்ளை. சோப்பு சரியா அலசாம விட்டிருக்கான். படுத்தா முதுகு அரிக்கும்."

"ஏழாவது?"

"தலையணை உறையோட தையல் வெளியில தெரியுது. உள்பக்கத்தை வெளியில திருப்பிப் போட்டிருக்காங்க. ஏன் திருப்பினாங்கன்னு யோசி."

எட்டு வயது சின்னவள் நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறி நின்றாள். "அப்பா, கடல்ல ஷீட் இருக்காதுல்ல? நாம கடல்லயே இருந்துடலாம்."

அவர் மனைவி சிரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. நானூறு நோயாளிகளுக்கு ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிச் சீட்டு எழுத வேண்டும்: உப்பில்லாதது, சர்க்கரையில்லாதது, கஞ்சி மட்டும், பல் இல்லாதவர்களுக்கு மசித்தது. அங்கே எல்லோருக்கும் அவர் சீட்டக்கா. காலை நாலரைக்குக் கிளம்பி இரண்டு மணி வரை நானூறு பேர் என்ன சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவைத் திறக்கும்போதே ஒரு குரல் கேட்கும். "அம்மா, இன்னிக்கு என்ன சமையல்?"

அதனால்தான் சாப்பாடு, தங்கல், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்குகிற இடமாகப் பார்க்கச் சொல்லியிருந்தார். பதினோரு வருடங்களில் முதன்முதலாக ஏழு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிற வாய்ப்பு வந்திருந்தது. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் போக வேண்டும். இல்லையென்றால் அந்த வாரம் வேலையில் இளையவர் ஒருவருக்குப் போய்விடும். அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"பத்தாவதைக் காட்டுடி" என்றார் சீட்டக்கா.

அதை அவர் ஏற்கெனவே நாலு முறை பார்த்திருந்தார். உயரமில்லாத கட்டடங்கள். அறைக்கு வெளியே நாலு படி, பிறகு மணல். ஒரு சின்ன வீடியோவும் இருந்தது. அதில் ஒரு பெண் காலை உணவு சாப்பிடுகிறாள். ஒரு துண்டு பப்பாளியை வெட்டுகிறாள், கடலைப் பார்க்கிறாள், அப்புறம்தான் வாயில் போடுகிறாள். முழுசாக ஒன்றரை நிமிடம். யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை.

பளிச்சண்ணன் மகளின் கையிலிருந்து மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். ஷீட் சரி. உறை சரி. மடிப்புகூட நேராக இருந்தது. சீட்டக்காவின் கத்தி நின்றது. அப்புறம் யாரோ ஒருவர் தன் குழந்தையை எடுத்த படத்தில், பின்னால் கிடந்த சாய்வு நாற்காலியைப் பளிச்சண்ணன் பெரிதாக்கிப் பார்த்தார். அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு. துண்டு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை.

"பாத்தியா? துரு. பைப்பு முழுக்கத் துரு பிடிச்சிருக்கு. அதே தண்ணியிலதான் குளிக்கணும், அதுலதான் சமைப்பான். வேண்டாம்."

"ஒரு துண்டுங்க" என்றார் சீட்டக்கா.

"ஒரு துண்டு போதும்."

"நாம அங்க துண்டைச் சாப்பிடப் போறோமா?"

"நீ ஒரு தட்டுல ஈயைப் பாத்தா சும்மா இருப்பியா?"

சீட்டக்கா பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெரியவள் மடிக்கணினியை மூடினாள். "போச்சு. இந்த வருஷமும் மாமா வீட்டு மொட்டை மாடிதான்."

புதன்கிழமை எட்டு மணிக்கு அவர் எழுந்தபோது மனைவி வேலைக்குப் போயிருந்தார். பளிச்சண்ணனுடைய வேலை மதியம் ஒன்றிலிருந்து இரவு பத்து வரை. அவர் திரும்பும்போது மனைவி தூங்கியிருப்பார். வார விடுமுறையும் ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்கு ஞாயிறு. அவருக்கான சாப்பாடு எப்போதும் மேசைமேல் மூடியிருக்கும்.

அன்று மூடியின் மேல் மருத்துவமனைச் சீட்டு ஒன்று இருந்தது. குண்டு குண்டான அதே கையெழுத்து.

'கட்டில்: இடது பக்கம். உணவு: உப்பில்லாதது. குறிப்பு: நன்றாகப் பார்த்துக்கொள்ளவும், கறை எதுவும் இல்லை.'

திறந்தார். வெறும் சோறு, அவித்த உருளைக்கிழங்கு, தயிர். தட்டும் வெள்ளை. மகள்களுக்கு எடுத்து வைத்திருந்த பாத்திரத்தில் நல்ல குழம்பு இருந்திருக்கிறது. அதைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாகிவிட்டது.

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியவளிடம், "உங்கம்மாவுக்குக் கோபமா?" என்று கேட்டார்.

"உப்பு டப்பாவைப் பையிலயே எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க." ஷூவை மாட்டிக்கொண்டே ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். "இது அந்தப் பத்தாவது இடத்தோட நம்பர். துருவைப் பத்தி அவங்களையே கேளுங்க. எங்களைப் படுத்தாதீங்க."

வியாழக்கிழமை வரை அவர் கூப்பிடவில்லை. அன்றும் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். நாலு மணி இடைவேளையில் ஷீட் மடிக்கும் மேசையின் ஓரத்தில் சாய்ந்து போனில் அந்த எண்ணை அழுத்தினார். பின்னால் மூன்று பெரிய மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, லாண்டரிக்கு இணைப்புக் கொடுங்கள் என்றார். ரிசப்ஷன் பெண் இரண்டு முறை கேட்டாள். "சார், ரூம் வேணுமா, இல்ல துணி ஏதாவது தொலைஞ்சுதா?"

"ரெண்டும் இல்லம்மா. அங்க துவைக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு மூச்சு வாங்க ஒருவர் வந்தார். "லாண்டரி. சொல்லுங்க."

"உங்க டவல்ல துரு இருக்கே, பைப்பை மாத்தவே மாட்டீங்களா?"

"பின்னாடி ஓடுறது அறுபது கிலோ மெஷினா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"சத்தத்துலதான். அண்ணே, நீங்க நம்மாளா! உங்க ஹோட்டல்ல நீச்சல் குளம் உண்டா?"

"இல்ல. இது ஆபீஸ் வேலையா வர்றவங்க தங்குற இடம்."

"அதான். அது பைப்புத் துரு இல்லண்ணே. வெயிலுக்குப் பூசுற கிரீம். எல்லாரும் உடம்பு பூரா பூசிட்டு டவல்ல துடைப்பாங்க. துணியில அது இருக்கிறதே தெரியாது. அலசுறப்போ தண்ணியில ஒரு துளி இரும்பு இருந்தாலும் போதும், இந்த நிறம் வந்துடும். தெரியாம பிளீச் போட்டீங்கன்னா இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும். நானும் முதல் வருஷம் பைப்பைத்தான் திட்டினேன்."

பளிச்சண்ணன் நிமிர்ந்து நின்றார். "அப்ப எதைப் போட்டு எடுக்கிறீங்க?"

"அமிலம் கொஞ்சம் போட்டா போகும். ஆனா துணி இத்துப் போயிடும். அதனால கட்டிலுக்குப் போற ஷீட்டுக்கு மட்டும் போடுறேன். கடலுக்குப் போற டவலை அப்படியே விட்டுட்டேன். பாக்க அசிங்கம், ஆனா சுத்தம். வர்றவங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொல்ல முடியுமா?"

பத்தொன்பது வருட அனுபவத்தில் அவர் பார்த்திராத கறை. பத்து நிமிட இடைவேளை இருபத்தைந்து நிமிடமானது. தண்ணீரின் கடினம், உப்புக் காற்றில் காயாத கம்பளி என்று பேச்சு நீண்டது. கடைசியில் அந்த ஆள் குரலைத் தாழ்த்தினார். "ஷீட்டை விட்டு எடுக்கிற இஸ்திரி உருளைதான் ஒரு மாசமா உயிரை வாங்குது. ஷீட்டு ஒரு பக்கம் ஈரமாவே வெளிய வருது. குடும்பத்தோட வர்றீங்கன்னா காலையில மட்டும் இந்தப் பக்கம் வாங்களேன். ரெண்டு பேருமா திறந்து பாத்துடலாம்."

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்றார் பளிச்சண்ணன்.

உடனே வீட்டில் மனைவியைக் கூப்பிட்டார். "ஏம்மா, பத்தாவதையே போட்டுடலாம்! அது துருவே இல்ல, கிரீமாம். நம்பவே முடியல. அந்த மனுஷன் தங்கமான ஆள். உருளை ஒண்ணு மக்கர் பண்ணுதாம். காலையில ரெண்டு மூணு மணி நேரம் போய்ப் பாத்துக் கொடுத்துடுவேன், நீங்க சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள…"

"காலையிலயா?"

"காலையிலதானே லோடு அதிகம்."

பின்னணியில் சின்னவள் பாடம் படிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அது தள்ளிப் போனது. சீட்டக்கா வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"அந்த வீடியோவை நான் அத்தனை தடவை எதுக்குப் பாத்தேன்னு நினைச்சீங்க?"

"பப்பாளி சாப்பிடுற பொம்பளையா? நிம்மதியா சாப்பிடுறா, யாரும் தொந்தரவு பண்ணல, அதானே?"

"அவளுக்கு எதிர்ல ஒரு ஆளு உக்காந்திருந்தான். பாத்தீங்களா?"

அவர் பார்த்திருக்கவில்லை.

"அவனும் சாப்பிட்டுட்டிருந்தான். எந்திரிச்சு எங்கேயும் போகல. மேசைத் துணியைத் தூக்கிப் பாக்கல. சும்மா உக்காந்திருந்தான். நாம ரெண்டு பேரும் காலைச் சாப்பாட்டுக்கு எதிர் எதிரா உக்காந்து எத்தனை வருஷம் ஆச்சு, சொல்லுங்க? எனக்கு யாரோ சமைச்சுப் போடணும்னு மட்டும் இல்லங்க. எனக்கு எதிர்ல நீங்க இருக்கணும். நீங்க அங்கேயும் போய்க் கீழ துணி துவைச்சுட்டு இருப்பீங்கன்னா, நான் இங்கேயே இருந்து சீட்டு எழுதிக்கிறேன். அந்த வாரத்தை வேலையில இருக்கிற அந்த இளையவளே எடுத்துக்கட்டும்."

போனை வைத்துவிட்டார்.

மாலை முழுக்கப் பளிச்சண்ணன் ஒரு ஷீட்டைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. இஸ்திரி போடுகிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். "சாப்பாட்டுல உப்பு இல்ல" என்றார் அவர். அவளுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடி ரிசார்ட்டைக் கூப்பிட்டார். இந்த முறை ரிசப்ஷன் பெண் கேள்வி எதுவும் கேட்காமல் இணைப்புக் கொடுத்தாள்.

"தம்பி, நான் வர்றேன். ஆனா உங்க பக்கம் வரமாட்டேன். தப்பா நினைக்காதீங்க. வீட்டுல ஒரு பேச்சு."

"ஐயோ, எதுக்குண்ணே? நீங்க விருந்தாளி. நான்தான் ஏதோ ஆசையில கேட்டுட்டேன்."

"அதனால இப்பவே கேளுங்க. தலையணை உறை, கைத்துண்டு, சின்னச் சின்ன உருப்படி எல்லாத்தையும் உருளையில எந்தப் பக்கமா விடுறீங்க?"

"இடது பக்கம். பொண்ணுங்க நிக்கிறது அந்த ஓரம்தான்."

"ஈரமா வர்றதும் இடது பக்கமா?"

"ஆமாண்ணே."

"ஒரே பக்கம் விட்டு விட்டு, உருளை மேல சுத்தியிருக்கிற மெத்தை அங்க மட்டும் அமுங்கிப் போயிருக்கு, அதான் சூடு சரியாப் படல. மெத்தையை மாத்துங்க. அப்புறம் சின்ன உருப்படியை மாத்தி மாத்தி விடச் சொல்லுங்க. அவ்வளவுதான். திறந்து பாக்க ஒண்ணுமில்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் பளிச்சண்ணன். கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். மூன்று நாள் காலையாவது அதில் போகும் என்று நினைத்திருந்தார்.

பத்தரை மணிக்குள் பெரியவள் சொல்லிக்கொடுத்திருந்தபடியே கட்டம் கட்டமாக நிரப்பி, நாலு பேருக்கும் பதிவு செய்து, தெருமுனைக் கடையில் அச்சடித்து வாங்கினார். பதினொன்றேகாலுக்கு மருத்துவமனைச் சமையலறையின் பின்வாசலில் நின்றார். இத்தனை வருடங்களில் அந்த வாசலுக்கு அவர் வந்தது இல்லை. உள்ளே ஆள் உயரப் பாத்திரங்களில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நீராவிக்கு நடுவில் தலையில் வலை மாட்டிய ஒருத்தி, "சீட்டக்கா! உங்க வீட்டுக்காரர்!" என்று கத்தினாள்.

மனைவி கையில் பேனாவோடு வந்தார். முகத்தில் பயம். "பிள்ளைங்களுக்கு ஏதாவது…?"

"இல்ல, இல்ல." காகிதத்தை நீட்டினார்.

மனைவி நின்றபடியே படித்தார். தேதியைப் படித்தார், பேர்களைப் படித்தார், மறுபடி தேதியைப் படித்தார். "உருளை?"

"போன்லயே சொல்லிட்டேன். அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல."

"நிஜமாவா?"

"ஒரு வேலையும் இல்ல" என்று மறுபடி சொன்னார்.

சீட்டக்கா மேல்கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த விண்ணப்பத்தை எடுத்தார். அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்கவில்லை. ஏற்கெனவே நிரப்பி, கையெழுத்தும் போட்டு, தேதி மட்டும் பாக்கி வைத்திருந்தார். சுவரில் காகிதத்தை வைத்துத் தேதியை எழுதினார். நீராவியில் சுவர் ஈரமாக இருந்ததால் மை கொஞ்சம் இழுத்தது. பரவாயில்லை என்று ஊதினார்.

"ஏங்க" என்றார் எழுதி முடித்து. "ஏழு நாளும் காலையில உக்காந்து சாப்பிடுவோம். அப்புறம்? மதியம் வரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

பளிச்சண்ணன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியல. நீ?"

"நானும் ரெண்டு நாளா யோசிக்கிறேன். எனக்கும் தெரியல."

இருவரும் ஒருவரையொருவர் கொஞ்சம் கலக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு சீட்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் வலை மாட்டிய பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"சரி, இருங்க" என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு அடிப்பதற்குள் மேலாளர் அறைக்குப் போய்விட வேண்டும் என்று படியேறினார். பளிச்சண்ணன் அவர் திரும்பி வரும்வரை அந்த வாசலிலேயே சும்மா நின்றார்.