சண்முகம் வரைந்த எழுத்து

சுபலட்சுமி ஆட்டோவை விட்டு இறங்கி கேட்டைத் திறந்து உள்ளே வந்ததுதான் தாமதம், அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் தெருவுக்கே கேட்டது.

"வந்துட்டியாப்பா? மெதுவா ஏறி வா. அடை ஊத்திக்கிட்டிருக்கேன்!"

அமிர்தத்துக்குக் காது கேட்காது. அதனாலேயே அவள் பேச்சு எப்போதும் உரக்கத்தான் இருக்கும். சுபா வாசலிலேயே நின்றுவிட்டாள். அடப் பாவமே, இதைப் போய் எப்படி மறந்தாள்!

அவள் கணவன் சண்முகசுந்தரம் அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தான். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறிவிட்டான், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டரே சொன்ன பிறகு. உடலை வேனில் கொண்டுவரும் பொறுப்பைச் சிநேகிதன் யூசுப் ஏற்றுக்கொண்டான். "நீங்க முன்னாடி போங்க தங்கச்சி. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான். வேன் வருவதற்குள் அத்தையிடம் சொல்லிவிட வேண்டும், வாசலில் வண்டியைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை சுபாவுக்கு இதே நினைப்புத்தான். கைப்பையில் சண்முகத்தின் போன் கிடந்ததை யோசிக்கவே இல்லை.

அந்த போன் வீட்டு வைஃபையைத் தொட்டால் போதும், அடுப்படிச் சுவரில் இருக்கும் பலகையில் 'வந்தாச்சும்மா' என்று தானாக ஓடும். எல்லாம் சண்முகம் செய்து வைத்த ஏற்பாடு.

பகலெல்லாம் யாரோ முகம் தெரியாத பாங்குக்கு புரோகிராம் எழுதுகிறவன், சாயங்காலமானால் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். அவன் செய்ததில் பாதி உருப்படாது. செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் என்று ஒரு பெட்டி செய்தான். மொட்டை மாடி குளமானதுதான் மிச்சம். ஆனால் பலகை உருப்பட்டது. போனில் டைப் அடித்ததெல்லாம், பஸ் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுகிற மாதிரி, சிவப்புப் புள்ளிகளாக அதில் ஓடும். தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வருகிறது என்று ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக அவனே வரைந்தான்.

அது வருகிறவரை மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மகனின் உதட்டசைவு அமிர்தத்துக்கு அத்துப்படி. மருமகள் படபடவென்று பேசுகிறவள், ஒன்றும் பிடிபடாது. ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பலகை வந்த பிறகு என்னவொரு அரட்டை! சீரியல் வில்லியிலிருந்து சண்முகத்தின் குறட்டைவரை அதில் ஓடாத சங்கதி இல்லை.

சுபா அடுப்படி வாசலில் நின்று தன் போனை எடுத்தாள். 'அத்தை, அவர்' என்று அடித்தாள். கை நின்றுவிட்டது. அவன் வரைந்த எழுத்தாலேயே அவன் சாவைச் சொல்வதா? சத்தியமாக முடியாது. அழித்துவிட்டாள்.

அமிர்தம் அடையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எங்கடி அவன்?"

சுபா அடுப்பை அணைத்தாள். மாமியாரின் மாவுக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவசரப்படாமல், வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"போயிட்டாரு அத்தை."

அமிர்தம் அவள் உதட்டைப் பார்த்தாள். திரும்பிப் பலகையைப் பார்த்தாள். "வந்தாச்சுன்னு போட்டிருக்கே?"

சுபா கைப்பையிலிருந்து அவன் போனை எடுத்துக் காட்டினாள்.

இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கல்லில் கிடந்த அடை ஆறிப்போயிற்று. நெடுநேரம் கழித்து அமிர்தம் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"கடைசியில ரொம்ப வலிச்சுதா அவனுக்கு?"

சுபா சொன்னாள். அழுகையில் வாய் கோணியது.

"ஒண்ணும் புரியலடி. அதுல போடு."

சுபா தயங்கினாள். இது சாவுச் செய்தி இல்லையே. பெற்றவள் தெரிந்துகொள்ள வேண்டியது. அடித்தாள். பலகையில் ஓடியது: 'வலிக்கல அத்தை. ராத்திரி இட்லி சாப்பிட்டாரு. என்னைக் கிண்டல் பண்ணிச் சிரிச்சாரு. தூக்கத்துலயே போயிட்டாரு.'

அமிர்தம் உதடு அசைய அசைய அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சிரிச்சானா?"

'ஆமா அத்தை.'

"மகராசன். போறவன் சும்மா போகல. உன்கூட பேச எனக்கு வழி பண்ணிக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்று மருமகளின் கன்னத்தைத் துடைத்தாள். கன்னமெல்லாம் மாவு ஒட்டியது. "கிண்டல் பண்ணான்னியே, என்ன சொன்னான்? சொல்லு."

சுபா அடிக்க ஆரம்பித்தாள். இப்படி ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவளுக்கு மனசு நிறைந்து வந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது. ஐஸ் பெட்டிக்காரர் முதலில் இறங்கி, ஒயரை இழுத்துக்கொண்டு அடுப்படிவரை வந்துவிட்டார். பலகையின் பிளக்கைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"இத கழட்டிக்கலாமாம்மா?"

காது கேட்காவிட்டால் என்ன, நீண்ட கை தெரியாதா? அமிர்தம் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"அதுல கை வைக்காதப்பா. நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

அவர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒயரைச் சுருட்டிக்கொண்டு, கூடத்தில் வேறு பிளக் தேடிப் போனார்.