பஸ்சுக்கு முன்னால் பவுனு

தேனி கடைவீதிக்குள் இனி காரும் பைக்கும் நுழையக்கூடாது, பஸ்சும் சைக்கிளும் நடந்து போகிறவர்களும் மட்டும்தான் என்று அறிவித்த முதல் வாரம். மார்க்கையன்கோட்டை பஸ்சை ஓட்டும் முத்துப்பாண்டிக்கு அது இன்னும் பழகவில்லை. அதுவரை ஆரனில் வைத்த கையை எடுக்காமல், ஆட்டோக்களின் இடுக்கையே பார்த்து அந்தத் தெருவைக் கடந்தவன். இப்போது ஜனங்கள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நடுரோட்டில் நடந்தார்கள். பஸ் அவர்கள் பின்னால் ஊர்ந்தது. எதிரே வருகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பாத்திரக்கடை எதிரே ஒரு பெண் சைக்கிளைத் தள்ளியபடி குறுக்கே வந்தாள். கேரியரில் தைத்து முடித்த துணிகளின் மூட்டை. பஸ்சைக் கண்டு நின்று, போகச் சொல்லிக் கையை அசைத்தாள்.

முத்துப்பாண்டியின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. நின்றிருந்தவர்கள் முன்னால் சரிந்தார்கள்.

அது பவுனு. அவன் தங்கை. கொரோனாவில் செத்துப்போனவள்.

அப்போது அவன் மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கேரளாவில் கட்டப்பனை ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் நோய் கண்டு போய்விட்டாள், பார்டரை அடைத்துவிட்டதால் அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று அப்பா போனில் அழுதார். லாரிக்கடியில் படுத்துக் கதறினான். ஊர் திரும்பிய பிறகு, வருசா வருசம் அவள் படத்துக்கு மாலை போடுவது அவன்தான்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான்.

"என்னண்ணே, யாரையும் இடிச்சிட்டமா?" கண்டக்டர் மலைச்சாமி பின்னாலேயே ஓடிவந்தான்.

பவுனின் முகம் வெளுத்துவிட்டது. ஓரடி பின்வாங்கினாள். "அடிச்சுறாதண்ணே. நான் ஊர்ப்பக்கமே வரல."

முத்துப்பாண்டி அவள் மணிக்கட்டைத் தொட்டான். சூடாக இருந்தது. "நீ செத்துட்டேன்னுல்ல அப்பா சொன்னாக."

"யாரு செத்தது?"

"நீதான் ஆத்தா. ஒன் படத்துக்கு மாலை போட்டுக்கிட்டிருக்கேன்."

"கட்டப்பனையில ஜீப் ஓட்டுறவரக் கட்டிக்கிட்டேன். அப்பாட்டச் சொன்னதும், 'ஒன் அண்ணனும் தலைமுழுகிட்டான், கண்டா வெட்டுவான்'னாக. அதான் ஒங்கிட்ட நான் பேசவே இல்ல."

"டிரைவர் தம்பி, நாங்க வீடு போய்ச் சேர வேணாமா?" ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"ஏறு பவுனு."

"மாட்டேன். அது நம்மூருக்குப் போற வண்டி." கண்ணைத் துடைத்தாள். "இப்ப இந்தத் தெரு முக்குல தையல்கடையில இருக்கேன். நீ வா."

சைக்கிளில் ஏறி மிதித்தாள். முத்துப்பாண்டி பஸ்சில் ஏறி எடுத்தான்; முந்திப்போக இடமிருந்தும் முந்தவில்லை. அவளை விட்டால் மறுபடி செத்துவிடுவாள் என்பதுபோல, அவள் முதுகைப் பார்த்தபடியே பஸ்சை நகர்த்தினான். தெருமுனையில் அவள் இடப்பக்கம் திரும்பினாள். பஸ் வலப்பக்கம் போகவேண்டும். ஓரமாக நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டான்.

"பவுனப் பாத்தேன்ப்பா."

அப்பா கேட்டார்: "என்ன சொல்லுச்சு?"

எந்தப் பவுனு என்று கேட்கவில்லை. பைத்தியமா உனக்கு என்று திட்டவில்லை. போனை அணைத்தான்.

"மலைச்சாமி, டிப்போவுல சொல்லி வேற டிரைவர அனுப்பச் சொல்லு. என்னால ஓட்ட முடியாது."

இறங்கப்போனவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். யாரோ ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு எழுந்து, இடப்பக்கமாக நடந்தான்.