தாணு குடித்ததில்லை

விடிந்தும் விடியாத நேரத்தில் ஜல்லி அள்ளத் தொடங்கினால்தான் ஆறரைக்குக் கலவை மெஷினைச் சுற்றவிட முடியும். வடிவம்மாள் குனிந்த முதுகு நிமிராமல் அள்ளினாள். மண்வெட்டி கருங்கல்லில் உரசும்போதெல்லாம் பல் கூசியது. சிமெண்டுத் தூசி விரலிடுக்குப் புண்ணில் இறங்கி எரிந்தது. கரமனை ஆற்றங்கரையில் எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடிக்கு அன்று மூன்றாம் தளம் வார்ப்பு. தொடங்கிவிட்டால் முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது. இடையில் நின்றால் ஒட்டுப்போட்ட இடம் காலத்துக்கும் ஒழுகும்.

மற்ற பெண்களுக்குப் புருஷன் எதிரே நின்று சட்டியைத் தூக்கிவிட்டான். வடிவுக்கு எதிரே ஆளில்லை. பதினோரு நாளாக இவளே அள்ளி, இவளே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அங்கே ஆளை ஜோடியாகத்தான் எடுப்பார்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வந்தால் வேலை, தங்குவதற்குத் தகரச் செட்டில் ஓர் அறை. ஒருவர் விழுந்தால் இருவருக்கும் வேலையில்லை, அறையும் இல்லை. என்ன நியாயமோ! வண்டி மாட்டில் ஒன்று நொண்டினால்கூட யாரும் மற்றதைத் தெருவில் விரட்டிவிட மாட்டார்கள்.

ஆனால் குடித்து விழுந்தவனுக்கு மட்டும் கான்ட்ராக்டர் விஜய்குமார் பத்து நாள் பொறுப்பார். தெளிந்ததும் வந்துவிடுவான், வெட்கத்துக்கு இரண்டு மடங்கு உழைப்பான் என்ற நினைப்பு. நோயாளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

புருஷன் தாணுவுக்கு இரைப்பையில் கேன்சர், ஈரலுக்கும் பரவிவிட்டது, குணமாக்க முடியாது, மருந்து ஏற்றினால் வலி குறையும், கொஞ்ச காலம் கூடும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். ஒரு சொல்லாவது புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது வடிவுக்கு. அன்று செட்டுக்குத் திரும்பியவள், தாணு கள்ளுக்கடையே கதியென்று ஆகிவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு சொட்டுத் தொட்டறியாத மனுஷனை அவளே குடிகாரனாக்கினாள்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் படுக்கும் சரோஜமும் நம்பினாள். தாணு வாந்தி எடுக்கும்போதெல்லாம் அங்கிருந்து உச்சுக்கொட்டும் சத்தம் கேட்கும். அவன் நெஞ்சைத் தடவிவிட்டபடி வடிவு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொள்வாள். அவனிடமும் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லியிருந்தாள். இத்தனை பெரிய ஊரில் அந்தச் சொல்லைச் சுமக்க அவள் ஒருத்திதான். கிழக்கேகோட்டையில் பஸ் மாறும்போது, முகம் தெரியாத கூட்டத்துக்கு நடுவே நின்று கொஞ்சம் அழுதுகொள்வாள்.

ஆறேகாலுக்கு விஜய்குமாரின் ஜீப் வந்தது. பின்னாலிருந்து மூட்டையோடு ஓர் இளஞ்ஜோடி இறங்கியது. குளச்சல் பக்கத்துச் செல்வினும் அவன் பெண்சாதி சுஜாவும். தாணுவின் அறையை ஒன்பது மணிக்குள் ஒழித்து இவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்.

"செவ்வாக்கிழமை வரைக்கும் பொறுங்க சாரே."

"பத்து நாளும் பொறுத்தாச்சு. குடிச்சு நசிக்கிறவனுக்கு நான் செட்டு கெட்டிப் போடல்ல, கேட்டியா?"

வடிவு சுற்றிலும் பார்த்தாள். மற்றவர்கள் குனிந்து அள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஊரில் போய்க் கொஞ்ச நாள் இருந்தால் அந்த ஆளும் திருந்துவான் என்று சரோஜம் மெல்லச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பொய்யை நம்பவைத்தவள் வடிவுதானே.

"அவரு குடிச்சதில்ல," என்றாள் வடிவு. "கேன்சர். ஈரல்வரைக்கும் போயிட்டு. பொழைக்க மாட்டாரு. செவ்வாக்கிழமை மொத மருந்து ஏத்தணும். நடக்க ஏலாத ஆள எங்க கொண்டு வச்சிப் பாப்பேன்?"

மண்வெட்டிச் சத்தம் நின்றுபோயிற்று. விஜய்குமாருக்கும் முகம் வாடியது. கல்நெஞ்சக்காரர் இல்லைதான், ஆனால் அந்த இரக்கத்தால் யாருக்கு ஒரு கூரை கிடைத்தது?

"கஷ்டம்தான். எனக்கு மேலயும் ஆளுண்டு. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பீங்க."

"கேக்கத்தான் செய்வோம்," என்றாள் சரோஜம். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துத் தரையில் போட்டாள். "நாளைக்கு எம் புருசன் சாரத்திலேருந்து விழுந்தா எனக்கும் இதே பேச்சுதான? ஒத்தையாளுக்கும் வேலை உண்டு, சீக்காளிக்கும் செட்டு உண்டுன்னு சொல்லுங்க. பொறவு மெஷின் சுத்தட்டு."

ஒவ்வொரு சும்மாடாகத் தரைக்கு வந்தது. வடிவோடு சேர்த்துப் பதினேழு பேரும் ஜல்லிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மொத்தப் பேரையும் மாற்றிவிடுவேன் என்று சத்தம் போட்ட விஜய்குமார், செல்வினை அறைக்குள் போய் மூட்டையை வைக்கச் சொன்னார். பசித்த முகத்தோடு நின்ற செல்வின் சுஜாவைப் பார்த்தான். அவள் மூட்டையை வாங்கி ஜல்லிக் குவியலின் ஓரத்தில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான்.

விஜய்குமார் செல்போனோடு ஆற்றுப் பக்கம் போனார். யாரிடம் பேசுகிறார், என்ன முடிவோடு வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் தெருவில் நிற்கவும் கூடும். எனக்காக எல்லோரும் ஏன் வேலையைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றாள் வடிவு.

சரோஜம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எங்கிட்டச் சொல்லாம இருக்க, பதினோரு நாளா நான் என்ன செத்தா கெடந்தேன்?"

வடிவு உடைந்து அழுதாள். அவள் அடங்கும்வரை சரோஜம் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று கேட்டாள்.

"நாலரைக்கு. டோக்கன் வரிசை நீளமா நிக்கும் அக்கா."

"என்னையும் எழுப்பு," என்றாள் சரோஜம்.