பாக்கியத்துக்கு மூன்று துண்டு

ஏழு ஞாயிற்றுக்கிழமைகளாகத் தட்டெழுதி, கடைசித் துண்டையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, கொழுந்து நிறுக்கும் பழைய நிறை அட்டைகளின் பின்பக்கம் பதினொரு வருடமாக எழுதிச் சேர்த்தவை. பால்மா டின்னில் கிடந்த அவற்றை எந்த வரிசையில் வைத்தாலும் கதை நகராமல் முரண்டு பிடித்தது. நோர்வூட் கடைத்தெரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ஜெயதீபன் சேர்தான், குறிப்புகளை ஒழுங்குபடுத்தவென்றே புதிதாக ஒரு மென்பொருள் வந்திருப்பதாகச் சொல்லிப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டிலும் யார் யார் வருகிறார்கள் என்று பெயர் குறித்துவிட வேண்டும். பிறகு அதுவே ஆள்வாரியாகப் பிரித்துத் தரும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, ஆளைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற வேலை. அதை ஒரு பெட்டி செய்யுமா என்று எனக்குச் சந்தேகம்.

செய்தது. திரையின் இடது ஓரத்தில் பெயர்களும் பக்கத்தில் எண்ணிக்கையும் வந்து நின்றன. கண்டாக்கையா, அறுபத்தொன்று. தோட்டத்து வேலைக்கெல்லாம் மேலதிகாரி. அங்கேதான் அவர் வைத்தது சட்டம் என்றால், என் புத்தகத்திலும் அவரே முன்னால் நின்றார். கங்காணி, நாற்பது. லயத்து வரிசை வீடுகளின் சண்டைக்காரிகள்கூட ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு. எல்லோருக்கும் கீழே பாக்கியம், மூன்று.

“பூரணி, இந்தப் புத்தகம் ஆரைப் பற்றி எண்டு சொன்னனீங்கள்?” என்று கேட்டார் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். நக்கலாகக் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். எண்பத்திரண்டாம் வருடம், பன்னிரண்டு வயதில், கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவள். இரண்டே வருடத்தில் அந்த வீட்டுக்காரர்கள் எங்கோ இடம் மாறிப் போனார்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றிச் சேதியே இல்லை. ஒரு படம்கூடக் கிடையாது. இந்தப் புத்தகத்தை விட்டால் பாக்கியம் என்று ஒருத்தி இருந்ததற்கு வேறு அடையாளம் வரப்போவதில்லை.

மென்பொருளில்தான் பிழை என்று சேரிடம் வாதாடினேன். டின்னைக் கவிழ்த்துக் கையால் எண்ணினேன். மூன்றுதான். அவள் போனபோது எனக்கு ஆறு வயது. தெரியாததை எழுதப் பயந்து, தெரிந்தவர்களையெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறேன். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அம்மா. அம்மாவோ அக்கா பேரை எடுத்தாலே விறகு பொறுக்கக் கிளம்பிவிடுவாள். எனக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கண்டாக்கையாவின் அறுபத்தொன்றையும் தூக்கிப் போட வேண்டி வந்தாலும் சரி, இதை இப்படியே விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அந்த வாரம் முழுக்கக் கேட்டேன். வீட்டில் விறகுதான் குவிந்தது. சனிக்கிழமை, “கம்ப்யூட்டர்ல அக்கா பேரு இருக்கு. வந்து பாரும்மா” என்றேன். மறுநாள் காலையில் எனக்கு முன்பே சேலை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் நின்றாள்.

சேர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அம்மா அதன் நுனியில் உட்கார்ந்தாள். பெயரைக் காட்டினேன். படிக்கச் சொன்னாள். அக்கா என்னை இடுப்பில் வைத்து ஆற்றைக் கடந்தது, பலாக்கொட்டை சுட்டுக் கொடுத்தது, மழையில் நனைந்து சிரித்தது. ஐந்து நிமிடத்தில் மூன்றும் முடிந்துவிட்டன.

“அம்புட்டுதானா?” என்றாள் அம்மா. கோபம்தான். இருபத்துநான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு என் மேல் கோபம். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

“எழுது. போற அன்னைக்கு அவ கவுனுக்குப் பின்னால பொத்தான் இல்ல. ஊக்கு குத்தி அனுப்புனேன். கழண்டுச்சுன்னா அவ கைக்கு எட்டாது. அங்க யாரு மாட்டிவிட்டிருப்பா?”

தட்டெழுதத் தொடங்கினேன். அம்மா எழுந்து என் பின்னால் வந்து நின்றாள். அவளுடைய இரண்டு விரல்கள் என் சட்டையின் பின்கழுத்தோரத்தை இழுத்துச் சேர்த்துப் பிடித்தன. அடுத்த வரியைச் சொல்லும்போதும் விடவில்லை.