மாலகியின் குரலுக்குத் திரும்பிய பந்து

கடலோரச் சிற்றூரான கிளென்டொராவில் மாலகி லவெல் கத்தினால் பந்து திரும்பும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், உதைத்த கால் எந்தப் பக்கம் உதைத்திருந்தாலும், கோட்டுக்கு வெளியே நின்று அவர் இடது என்றால் இடது, வா என்றால் வரும், நில் என்றால் சேற்றில் அப்படியே நிற்கும். இது முதலில் தெரியவந்தது ஒரு ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் லீக்கின் சாதாரண ஆட்டம் ஒன்றில். கோலை விட்டு வெகுதூரம் விலகிப் போய்க்கொண்டிருந்த பந்து, அவர் போட்ட ஒரு அதட்டலில் வளைந்து வலைக்குள் போய்ச் சேர்ந்தது. எதிரணிக்காரர்கள் முறையிட்டார்கள். நடுவர் விதிமுறைகளை ஒரு வாரம் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு, பந்துக்குக் காது கேட்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை, ஆகவே கோல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாலகிக்குக் கால்பந்து தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஆடு. அதைவிட நன்றாகத் தெரிந்தது நாய். மலை உச்சியில் நின்றபடி, கீழே கடலோரம் ஓடும் நாயை ஒற்றைச் சொல்லில் திருப்புகிற தொண்டை அவருக்கு. பழைய பயிற்சியாளர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட வருடம், புதியவரைத் தேடிக் கூடிய கிளப் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மாலகி மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினார். பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். தெரிந்த ஒரே வித்தையை அவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். கிளப் எந்தப் பந்தை வாங்கினாலும் ஒரு மாதத்தில் அவரிடம் பழகிவிடும். வெளியூர்ப் பந்துகள் முதல் பாதி முழுக்கப் பிகு பண்ணும்; இரண்டாம் பாதியில் வழிக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் கோப்பைகள் வைக்க இடமில்லாமல் போனது. மாலகியின் அக்கா அட்ராக்டா பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருந்தார். கிளப்பின் செயலாளர், சீருடை துவைப்பவர், கண்டிப்பவர் எல்லாம் அவரே. கோப்பைகள் அவர் கடையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு மேலே வரிசையாக ஏறின. பந்தைக் கையால் தொடலாம் என்கிற, அந்த நாட்டுப் பழைய ஆட்டமான கேலிக் கால்பந்தின் ஆட்கள், தங்கள் பிள்ளைகள் எல்லாம் மாலகி பக்கம் போய்விட்டார்கள் என்று பாதிரியாரிடம் புகார் சொன்னார்கள். பாதிரியாரும் ஞாயிறு பூசையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு மாலகியின் ஆட்டத்தைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தார். மாலகி பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவன் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, மேலங்கிப் பையிலிருந்து பன்றிக்கறி ரொட்டி ஒன்றை எடுத்து நீட்டுவார். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை ஆடு ஏற்றும் வண்டியில் ஏற்றி வருவார். கிளென்டொரா அணி வருகிறது என்பது எதிரணிக்கு முதலில் மூக்கில்தான் தெரியும்.

துக்கம் பிள்ளைகளின் பதினான்கு வயதில் தொடங்கியது. அந்த வயதில் நகரத்துப் பெரிய கிளப்கள் சிற்றூர்களுக்கு ஆள் அனுப்பி, நல்ல பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். லீக் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான் என்று சொல்பவர்களும் உண்டு. கிளென்டொராவிலிருந்து முதலில் போனவன் கோனல். அம்மா அழ, அப்பா தோளில் தட்ட, பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினான். நகரத்து மைதானத்தில் பந்து அவன் காலுக்கு வந்தது. கோனல் அதைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நின்றான். எதிரணிப் பையன் வந்து எடுத்துக்கொண்டு போனான். எதற்குடா காத்துக்கொண்டு நிற்கிறாய் என்று அங்கிருந்த பயிற்சியாளர் கேட்டதற்கு, யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்றான். இலை உதிர்ந்து முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டான். அடுத்த வருடம் போன இரட்டையர்களும் அப்படியே வந்தார்கள். அதற்கடுத்து ஒரு கோல்காப்பாளன் போனான். அவன் பந்து வலைக்குள் நுழைவதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றானாம். ஒவ்வொருவரும் ஞாயிறு மாலைப் பேருந்தில் தலையைக் குனிந்துகொண்டு இறங்கும்போது, மாலகி வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு நிறுத்தத்தில் நிற்பார். நகரத்துக்காரனுக்குப் பிள்ளைகளிடம் பேசத் தெரியவில்லை என்று திட்டுவார். கோனல் பள்ளி முடித்து மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அதன்பின் அவன் மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

அட்ராக்டா வெகுநாள் பொறுத்துப் பார்த்தார். கோல்காப்பாளன் திரும்பி வந்த மறுநாள், சீருடைகளைக் கொடியில் போட்டுக்கொண்டே தம்பியிடம் கேட்டுவிட்டார்.

"மாலகி, நீ புள்ளைங்கள வளக்குறதா நெனைச்சிட்டிருக்கியா? நீ பந்தத்தான் வளத்திருக்க. புள்ளைங்க அது கூடச் சும்மா ஓடுதுங்க."

மாலகி கோபித்துக்கொண்டு நாயோடு மலைக்கு ஏறிப் போய்விட்டார். ஆனால் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போது அணியில் கீலின் இருந்தாள். அப்பா மீன்பிடிக் கப்பலில், பாதி வருடம் கடலில். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. பையன்களோடு பையனாக ஆடுகிற பெண், முழங்காலில் எப்போதும் ஒரு காயம். மற்றப் பிள்ளைகள் பந்து வந்ததும் மாலகியைப் பார்ப்பார்கள். கீலின் மைதானத்தைப் பார்ப்பாள். சில நேரம் அவள் வலது பக்கம் உதைப்பாள், அதே நொடியில் மாலகி இடது என்று கத்திவிடுவார், பந்து இடது பக்கம் போய்விடும். கோல்கூட விழும். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போது கீலின் மட்டும் வலது ஓரத்தில் காலியாகக் கிடந்த புல்லைப் பார்த்து முறைத்துக்கொண்டு நிற்பாள். நகரத்துப் பெண்கள் கிளப் அவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க நேரில் வருவதாகச் சொன்னார்கள். ஊரே குதூகலித்தது. மாலகிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இவளும் ஒரு ஞாயிறு மாலை அந்தப் பேருந்தில் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிட்டால், அதற்குமேல் எந்த வறுவல் பொட்டலத்தைக் கொண்டும் தன்னால் சமாளிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசி ஆட்டம் கில்ப்ராக் அணியோடு. ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. அது லீக்கின் அமைதி ஞாயிறாகவும் அமைந்துவிட்டது. வருடத்தில் ஒரு நாள், கோட்டோரம் நிற்கும் பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளைகள் தங்கள் புத்தியில் ஆட வேண்டும். வாய் சும்மா இராது என்பதால் ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுப்பார்கள். முந்தின வருடங்களில் அந்த நாள் எப்படியோ பனியிலும் வெள்ளத்திலும் ரத்தாகிப்போனது. இந்த முறை வெயில் அடித்தது. அப்பாக்களும் அம்மாக்களும் பாதிரியாரும் கன்னம் புடைக்க வரிசையாக நின்றார்கள். அட்ராக்டா ஒரு சிவப்பு மிட்டாயைத் தம்பியின் வாயில் தன் கையாலேயே செருகினார்.

நடுவர் ஊதினார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட இராது, பந்து பிள்ளைகளை விட்டு விலகி, கோட்டைத் தாண்டி உருண்டு வந்து மாலகியின் காலடியில் நின்றது. பந்தை உள்ளே எறியும் முறை கில்ப்ராக்குக்கு. எறிந்தார்கள். பந்து கொஞ்ச தூரம் போய்விட்டு மறுபடி அவரிடமே வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வந்திருந்தது, பாவம். மாலகி உடைமாற்றும் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்தார். பந்து கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தது. கில்ப்ராக் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு கோல் போட்டார்கள். கிளென்டொராப் பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில் நட்டுவைத்த கம்பம்போல நின்றார்கள். நகரத்திலிருந்து வந்திருந்த பெண்மணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும். மாலகி மிட்டாயைக் கடித்து நொறுக்கினார், கதவைத் திறந்துகொண்டு மைதானத்தை விட்டே வெளியேறினார்.

கடற்கரைக்குப் போகும் சாலையில் பாதி தூரம் போயிருப்பார். பின்னால் பந்து கல்மதிலைத் தாண்டிக் குதித்து வந்தது. அதைப் பிடித்துவர, மூச்சு வாங்க, கீலின் வந்தாள்.

"மாலகி, எங்க போறீங்க? கோவமா?"

"நான் அங்க இருந்தா அது எங்கிட்டயேதான் வரும். உங்களுக்கு ஆட்டம் போயிடும்."

"நீங்க நடந்தாலும் பின்னாடியேதான் வருது. நீங்க திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க, அதான்."

மாலகி மைதானத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டார். "எங்க குடுக்கணும்னு அங்க யார் சொல்லுவா உங்களுக்கு?"

கீலின் காலைத் தூக்கிப் பந்தின்மேல் வைத்தாள். அவள் குரலில் கோபமில்லை.

"எனக்குத் தெரியும், மாலகி. ரொம்ப நாளாத் தெரியும். நீங்க போடுற சத்தத்துல எனக்கே அது கேக்காமப் போச்சு."

மாலகி கடல் பக்கம் திரும்பி நடந்தார். பந்து கீலினின் காலுக்கடியில் துடித்தது. அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பும் வேலையை வருடம் தவறாமல் செய்த மனிதர்தான். ஆனாலும் அந்தச் சாலை அன்று அவருக்கு முடியவே இல்லை.

பாசி நாறும் மதிலில் உட்கார்ந்து அவர் காதைத் தீட்டிக்கொண்டார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு காற்றில் ஒரு சத்தம் வந்தது, அவர் அந்த மைதானத்தில் அதுவரை கேட்டிராத சத்தம். பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்க குடு, பின்னாடி ஆள் இருக்கான், விடு நான் பாத்துக்கறேன், அறிவிருக்காடா உனக்கு. இத்தனை நாள் அந்தக் குரல்கள் எங்கே இருந்தன என்று அவருக்குத் தெரியும். அவர் குரலுக்கடியில் இருந்தன. மாலகி லவெல் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஆட்டத்தில் கிளென்டொரா தோற்றது. இருவர் மோதிக்கொண்டு மூக்கில் ரத்தம், ஒருவன் தன் கோலுக்கே உதைக்கப் பார்த்தான், கேலிக் ஆட்கள் இதைவிடக் கேவலமான கால்பந்தைக் கண்டதில்லை என்றார்கள். ஆனால் கடைசி நிமிடங்களில் கீலின் தலை நிமிர்ந்து பார்த்து, வலது ஓரத்தில் காலியாகக் கிடந்த புல்லுக்குப் பந்தை அனுப்பினாள். பந்து அவள் சொன்ன இடத்துக்குப் போனது. அங்கே ஓடி வந்த குள்ளப் பையன் அதை வலைக்குள் தள்ளினான். நகரத்துப் பெண்மணி கைக்கடிகாரத்தை மறந்துவிட்டார். கோப்பையைக் கில்ப்ராக் எடுத்துக்கொண்டு போனது. அட்ராக்டா அவர்களுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டார்.

அதன்பின் மாலகி ஆட்டங்களின்போது மைதானத்தின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். லீக் அதற்கு அனுமதி கொடுத்தது. வெளியூர்ப் பயிற்சியாளர்கள் வந்து அவர் முதுகோடு கைகுலுக்கப் பார்த்துவிட்டு, சுற்றி வந்து முன்பக்கமாகக் குலுக்குவார்கள். பயிற்சி நாட்களில் பிள்ளைகளிடம் கேள்வி மட்டும் கேட்டார், அதுவும் மெல்லிய குரலில். அணி நிறையத் தோற்றது, கொஞ்சம் ஜெயித்தது. பழைய பந்து ஒன்று மட்டும் அவரை விட்டுப் போக மறுத்து, வீட்டோடு தங்கிவிட்டது.

இலையுதிர் காலத்தில் கீலின் நகரத்துக்குப் போனாள். முதல் ஞாயிறு மாலை மாலகி நிறுத்தத்தில் போய் நின்றார். பொட்டலம் வாங்கிக் கையில் வைத்திருந்தார். அடுத்த ஞாயிறும் நின்றார். கோனல் திரும்பி வந்த வாரம் கடந்தது, இரட்டையர்கள் வந்த வாரமும் கடந்தது. மரங்கள் மொட்டையாயின. இன்னமும் எதற்குப் போய் நிற்கிறாய் என்று அட்ராக்டா கேட்கவில்லை. அவரும் கடைக் கண்ணாடி வழியாக அதே சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பேருந்து வந்தது. இறங்க ஆளில்லாததால் ஓட்டுநர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. மாலகியைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கிவிட்டுப் போய்விட்டார்.

அட்ராக்டா கடை வாசலுக்கு வந்தார். "வரலையா?"

"வரல," என்றார் மாலகி. "இனிமே அப்படி வரமாட்டா, அட்ராக்டா." சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமா துக்கமா என்று கேட்டிருந்தால் இரண்டும்தான் என்றிருப்பார். காலடியில் கிடந்த பழைய பந்து பேருந்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் உருண்டு போய், திருப்பத்தில் நின்று பார்த்துவிட்டு, ஈரச் சாலையில் மெதுவாகத் திரும்பி வந்தது. சேற்றோடு உள்ளே வராதே என்று அட்ராக்டா அதைக் கடிந்துகொண்டு, கால்மிதியைக் காட்டி, கதவைத் திறந்து பிடித்தார்.